மழையைத் தேடி ஸ்கூட்டரில் போனேன், அது தப்பா ஐயா?

கேள்வி:

ஐயா, எனக்கு 24 வயது. சேலம் அம்மாப்பேட்டையில் வீடு. ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். சின்ன வயதிலிருந்தே மேகம் பார்ப்பதென்றால் எனக்குப் பைத்தியம். போன மே மாதம் ஒரு லீவு நாளில், மாலை நாலு மணிக்கு, காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனேன். சேர்வராயன் மலைக்கு மேலே காலிஃபிளவர் மாதிரி ஒரு மேகம் எழும்பிக்கொண்டிருந்தது. துணியைப் படிக்கட்டிலேயே போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக் கிளம்பிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வீராணம் தாண்டும்போது மலையே தெரியாத அளவுக்கு மழை இறங்கிக்கொண்டிருந்தது, மின்னல் வேறு. ஆனால் குப்பனூரை நெருங்குவதற்குள் மேகம் வெளிறிக் கலைந்துவிட்டது. ஜில்லென்று ஒரு காற்று வந்தது, அதோடு சரி. ஏமாந்து திரும்பினால், எதிரே தெற்கில் கன்னங்கரேலென்று புதிதாக ஒன்று நிற்கிறது. ஆலங்கட்டியோடு பிடித்துக்கொண்டது. ரோட்டோரப் புளியமரத்தடியில் இன்னும் மூன்று பேரோடு அரை மணி நேரம் நின்றேன். பக்கத்துத் தோப்பில் ஒரு தென்னையில் இடி விழுந்தது. வீட்டுக்கு வரும்போது மணி எட்டு. இடி இடிக்க இடிக்க அம்மா வாசலில் உட்கார்ந்து அர்ஜுனா அர்ஜுனா என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் துரத்திய மேகம் ஏன் ஓடிப்போனது? இன்னொன்று எங்கிருந்து முளைத்தது? தனியாக இப்படிப் போவது அவ்வளவு பெரிய தப்பா? மறுபடி போக வேண்டும் என்றுதான் இருக்கிறது.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, சேலம்)

பதில்:

முதலில் மேகத்தின் கதையை முடித்துவிடலாம். மற்றதெல்லாம் அதைப் பொறுத்ததுதான்.

நீங்கள் துரத்திய மேகம் ஓடிப்போகவில்லை, செத்துப்போனது. வானிலை அலுவலகத்தில் நாங்கள் சிபி என்று சுருக்கமாகச் சொல்லும் இடிமேகத்தின் ஒரு தனி அலகு உயிரோடிருப்பது அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான். சூடான ஈரக்காற்று மேலே போகும்வரை அது வளரும். உச்சியில் சேர்ந்த நீரும் பனியும் பாரம் தாங்காமல் இறங்கத் தொடங்கியதும், கூடவே குளிர்ந்த காற்றையும் கீழே இழுத்து வருகின்றன. மேலே போகும் காற்று எந்த வழியில் போனதோ அதே வழியில் இது இறங்குவதால், மேகத்துக்கு வரவேண்டிய சாப்பாடு நின்றுவிடுகிறது. தன் மழையாலேயே அது அழிகிறது. நீங்கள் மாடியில் பார்த்தபோது அதற்கு நடுவயது. வண்டியை எடுத்து, வீராணம் தாண்டி, குப்பனூர் போய்ச் சேரும்போது அதன் காலம் முடிந்துவிட்டது.

குப்பனூரில் உங்கள் மேல் பட்ட அந்த ஜில் காற்றை “அதோடு சரி” என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். மேகத்திலிருந்து இறங்கிய குளிர்க்காற்று தரையில் மோதி நாலாபுறமும் பரவும். வெப்பநிலை சில நிமிடங்களில் எட்டு, பத்து டிகிரி குறையும். சேலத்துக்காரர்கள் வெளியே எட்டிக்கூடப் பார்க்காமல் “ஏற்காட்டுல மழை” என்று சொல்லிவிடுவது இந்தக் காற்றை வைத்துத்தான். இது கனமான காற்று. முன்னால் இருக்கும் சூடான ஈரக்காற்றின் அடியில் புகுந்து அதை மேலே தூக்கிவிடும். மலையிலிருந்து தெற்கே பரவிய காற்று அயோத்தியாப்பட்டணம், ஜருகுமலைப் பக்கம் பகலெல்லாம் காய்ந்துகிடந்த காற்றைத் தூக்கியிருக்கும். அங்கே அதைத் தூக்கிவிடச் சின்னக் குன்றுகளும் இருக்கின்றன. அரை மணி நேரத்தில் அடுத்த இடிமேகம் தயார். ஆக, உங்களை நனைத்தது நீங்கள் துரத்தியதன் பிள்ளை. நீங்கள் தாயைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அது உங்கள் முதுகுக்குப் பின்னால் பிறந்திருக்கிறது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்மூரில் இடிமழையைத் துரத்துகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் முன்னால் இருக்கும் மேகத்திடம் அல்ல. குளிர்காற்று மேலே பட்டால், ஆட்டம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். சுற்றிலும், முக்கியமாக அந்தக் காற்று போகும் திசையில், வானத்தை ஒருமுறை பாருங்கள். அடுத்த அரை மணி நேரத்துக்கு அங்கேதான் வேலை.

சேலத்தில் இருப்பவருக்கு இந்தப் பைத்தியம் பிடிப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். கூப்பிடு தூரத்தில் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். சுற்றிலும் நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை. ஏப்ரல், மே மாத வெயிலில் மலைச்சரிவுகள் சூடேறிக் காற்றை மேலே இழுக்கின்றன. கிழக்கே வங்கக்கடலின் ஈரம், மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் காற்று, இரண்டும் சந்திக்கும் கோடு பல நாட்கள் நம் உள்மாவட்டங்களின் மேலேயே கிடக்கும். கோடைமழை மதியத்துக்கு மேல் மலைமேல் தொடங்கி, அந்தி நேரத்தில் ஊருக்குள் இறங்குவது இதனால்தான். மேகம் பார்க்க நீங்கள் எங்கும் போகவேண்டியதில்லை. வீட்டு மாடியிலேயே முதல் வரிசை இருக்கை.

யூடியூப்பில் பார்க்கும் அமெரிக்கத் துரத்தலை மனதில் வைத்துக்கொண்டுதான் கிளம்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஊர்க் கதை வேறு. டேவிட் ஹோட்லி என்பவர் 1956-இல் வடக்கு டகோட்டாவில் தொடங்கிவைத்த பழக்கம் அது. தட்டையான சமவெளி, சதுரம் சதுரமாக நேர் ரோடுகள். அங்கே காற்றின் வேகமும் திசையும் உயரத்துக்கு உயரம் மிகவும் மாறும். அதனால் மேலே போகும் காற்றும் கீழே இறங்கும் காற்றும் தனித்தனி இடத்தில் நடக்கின்றன. மேகம் தன்னைத் தானே அழித்துக்கொள்ளாமல் மணிக்கணக்கில் உயிரோடிருந்து, மணிக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. துரத்துவதற்கு அங்கே ஏதோ ஒன்று இருக்கிறது. நம் மே மாத மேகம் பெரும்பாலும் எழுந்த இடத்திலேயே நின்று, கொட்டி, அடங்கிவிடும். அதை நோக்கி வண்டி ஓட்டுவது, நாடகம் முடியும் நேரத்தில் மேடையேறுவது போல.

ஆகஸ்ட், செப்டம்பரில் வரும் இரவு இடிமழைகள் கொஞ்சம் நகரும். நடு உயரத்தில் வீசும் மேற்குக் காற்று மேகத்தைக் கிழக்கே தள்ளும். உச்சியில் வீசும் கீழைக்காற்றோ அதன் தலையை மேற்கே இழுத்து விரிக்கும். உடம்பு ஒரு பக்கம் போக, தலை மறுபக்கம் நீளுவது பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். அப்போதும் அதன் பின்னால் போகவேண்டியதில்லை. இருக்கும் இடத்தில் இருந்தால் அதுவே கடந்துபோகும்.

அப்படியானால் எங்கே போய்ப் பார்ப்பது? மலைக்கு எதிர்த்திசையில். அம்மாப்பேட்டையிலிருந்து ஏற்காடு நேர்க்கோட்டில் பதினைந்து கிலோமீட்டருக்குள். நன்றாக வளர்ந்த மேகத்தின் உச்சி பன்னிரண்டு, பதினான்கு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். மேகம் எழும்பும்போது மாடியிலிருந்தே பார்க்கலாம். முழுதாக விரிந்த பிறகு, அவ்வளவு கிட்டத்தில் கழுத்து வலிக்க நிமிர்ந்தாலும் அடிவயிறுதான் தெரியும். குப்பனூரில் அதுகூட இல்லை, வெறும் சாம்பல் நிறம். தெற்கே மல்லூர் தாண்டி ராசிபுரம் பக்கம் போனால் முப்பது கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி கிடைக்கும். மேலே பட்டடைக்கல் மாதிரி விரியும் தட்டைத் தலையிலிருந்து கீழே மழைக்கால் வரை முழு உருவமும் அப்போதுதான் கண்ணில் விழும்.

அங்கே நின்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கையை முழுக்க நீட்டி விரல்களை விரித்தால், கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஏறக்குறைய 20 டிகிரி. மேகத்தின் உச்சி அடிவானத்திலிருந்து சரியாக ஒரு சாண் உயரத்தில் தெரிந்து, அது 35 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், அதன் உயரம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். எந்தக் கருவியும் இல்லாமல் கிடைக்கும் இந்தக் கணக்கு, நூறு ரீல்ஸுக்குச் சமம் என்பது என் அபிப்பிராயம்.

உச்சியை இன்னொரு காரணத்துக்காகவும் பார்க்கவேண்டும். விளிம்பு வெட்டியது போல் கூர்மையாக இருக்கும்வரை மேகம் வளர்கிறது என்று பொருள். அந்த விளிம்பு கலங்கி நார்நாராக மாறினால் மேலே பனிக்கட்டி உருவாகிவிட்டது. மழையும் மின்னலும் வெகுதூரத்தில் இல்லை. நீங்கள் மாடியில் நின்ற நாலு மணிக்கு இதைக் கவனித்திருந்தால், குப்பனூருக்குப் போவதில் பிரயோஜனம் இல்லை என்று அப்போதே தெரிந்திருக்கும்.

போனில் ரேடார் பார்க்கிறேன் என்று பலர் சொல்வார்கள். பாருங்கள், நல்லதுதான். ஆனால் அது எதைக் காட்டுகிறது என்று தெரிந்து பாருங்கள். சென்னை ரேடார் சேலத்திலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 280 கிலோமீட்டர், காரைக்கால் ரேடார் சுமார் 200. பூமி வளைந்திருப்பதால் தூரம் போகப்போக ரேடாரின் கதிர் தரையை விட்டு மேலே ஏறிவிடும். சேலத்துக்கு வரும்போது சென்னைக் கதிர் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் உயரத்திலும், காரைக்கால் கதிர் 4 கிலோமீட்டர் உயரத்திலும் இருக்கும். மேகத்தின் மேல்பாதியைத்தான் அவை பார்க்கின்றன. குழந்தை மேகம் தலைதூக்கும்வரை படத்தில் வராது. வந்த படமும் பத்துப் பதினைந்து நிமிடம் பழையதாக இருக்கலாம். உங்களைப் பிடித்தது போன்ற அரை மணி நேரத்து மேகத்துக்கு இது போதாது. வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக வெளியிடும் அடுத்த 3 மணி நேர எச்சரிக்கையைப் பாருங்கள். மின்னலுக்கு ‘தாமினி’ செயலி இருக்கிறது, புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. இவை இரண்டும் போதும், மீதிக்குக் கண்.

அந்தக் கண் விஷயத்தில்தான் தனியாகப் போவது இடிக்கிறது. நீங்கள் பெண் என்பதால் நான் இதைச் சொல்லவில்லை. ஆண் எழுதியிருந்தாலும் இதே பதில்தான். வண்டி ஓட்டுகிறவருக்கு ரோட்டைப் பார்ப்பதே முழுநேர வேலை. மேகத்தையும் பார்ப்பேன், போனில் படமும் எடுப்பேன் என்றால் மூன்றில் ஒன்று கெடும், பெரும்பாலும் கெடுவது ரோடு. அமெரிக்காவில் 2022 ஏப்ரல் கடைசியில், ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் வானிலை மாணவர்கள் மூன்று பேர் புயல் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் விபத்தில் இறந்தார்கள். காரணம் சுழல்காற்று அல்ல, நனைந்த நெடுஞ்சாலையில் கார் வழுக்கியது. அனுபவசாலி என்றால் தப்பிக்கலாம் என்றும் இல்லை. டிம் சமராஸ் அந்தத் துறையிலேயே மிகவும் நிதானமானவர் என்று பெயரெடுத்த பொறியாளர். 2013 மே 31 அன்று எல் ரெனோ என்ற ஊருக்குப் பக்கத்தில், நாலு கிலோமீட்டர் அகலமுள்ள சுழல்காற்றில் தன் மகனோடும் ஒரு சகாவோடும் உயிரிழந்தார். நம்மூரில் அந்த அளவு சுழல்காற்று வராது. வழுக்கும் ரோடு நமக்கும் உண்டு. மாதக்கணக்கில் காய்ந்த தாரில் எண்ணெயும் தூசியும் படிந்திருக்கும். முதல் பத்து நிமிட மழையில் அதுதான் மேலே மிதக்கும்.

மலைப்பாதையில் போவது பற்றி நீங்கள் கேட்கவில்லை. அடுத்த முறை அந்த ஆசை வரும் என்பதால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: இடிமழை நேரத்தில் ஏறாதீர்கள். கோரிமேடு வழியாகப் போகும் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளாக இருந்தாலும் சரி, குப்பனூர்ப் பாதையாக இருந்தாலும் சரி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் இந்தப் பக்கம் வந்தபோது ஏற்காட்டுப் பாதையில் மண் சரிந்தது நினைவிருக்கும். மழை நின்ற பிறகும் கல் உருளும். அதோடு மேகத்துக்குள் போய்விட்டால் பார்க்க என்ன இருக்கிறது, வெறும் பனிமூட்டம்.

இப்போது புளியமரம். உங்கள் அம்மாவுக்கு இரண்டு நாள் கோபம் என்றால், எனக்கு அந்தப் புளியமரத்தின் மேல்தான் கோபம். இந்தியாவில் ஆண்டுதோறும் மின்னலால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள், வெட்டவெளியில் மரத்தடியில் ஒதுங்கியவர்கள் அதில் நிறைய. மரத்தில் விழும் மின்னல் அடிமரத்திலிருந்து பக்கத்தில் நிற்பவர் மேல் தாவும், அல்லது வேர் வழியாகத் தரையில் பரவிக் கால் வழியாக ஏறும். அன்றைக்கு அது தென்னையைத் தேர்ந்தெடுத்தது உங்கள் நல்ல நேரம், அவ்வளவுதான்.

மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடிச் சத்தம் மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வீதம் வரும். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் மேகம் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, வெளியில் நிற்கும் நேரம் முடிந்தது. மழை பெய்யாத இடத்திலும், மேகத்திலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளிக்கூட, மின்னல் விழும். ஆகவே மழை வரட்டும், அப்புறம் ஒதுங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகே வெளியே வரவேண்டும். ஒதுங்கும் இடம் என்றால் கான்கிரீட் கட்டடம், நாலு சுவரோடு. மூன்று பக்கமும் திறந்த பஸ் நிழற்குடை, பெட்ரோல் பங்கின் கூரை, தோட்டத்து ஓலைக்கொட்டகை எல்லாம் நனையாமல் காக்கும், மின்னலுக்கு ஆகாது. கண்ணாடி ஏற்றிய கார் நல்லது. டயரால் அல்ல, சுற்றியிருக்கும் தகரக் கூடு மின்சாரத்தை வெளியே கடத்திவிடுவதால். ஸ்கூட்டருக்கும் டயர் இருக்கிறது, கூடு இல்லை.

கார் இல்லாதவர் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பஸ் இருக்கிறதே! சேலத்திலிருந்து ராசிபுரத்துக்கு எந்த நேரமும் பஸ் உண்டு. போகும்போது ஜன்னலோரம், மலை தெரியும் பக்கம் உட்காருங்கள். இரண்டு கையும் காலி, ரோட்டைப் பார்க்க டிரைவர் இருக்கிறார். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை மாடியோ ஓட்டல் ஜன்னலோ கிடைத்தால் வேறென்ன வேண்டும். இடிமேகம் பார்க்க பஸ்ஸை விடச் சிக்கனமான வாகனம் உலகத்தில் இல்லை.

திடீரென்று கிளம்பத் தோன்றுவதை நான் குறை சொல்லமாட்டேன். மே மாத மேகம் முன்பதிவு செய்துகொண்டு வருவதில்லை. பார்த்ததும் கிளம்பினால்தான் உண்டு. ஆனால் அந்த அவசரத்திலும் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போக முடியும். அந்த ஒருவர் உங்கள் அம்மாவாக இருக்கட்டும் என்று நினைக்கிறேன், சமாதானத்துக்காக மட்டுமல்ல. நீங்கள் தெற்கே போய் வடக்கே பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் பின்பக்கம் எழும்புவதைப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். அவர் வீட்டுக்குள் ஜன்னலருகே உட்கார்ந்தபடியே “ஏண்டி, ஜருகுமலைப் பக்கம் கருக்குது” என்று ஒரு போன் செய்தால் போதும். அந்த ஒரு வாக்கியம் அன்றைக்குக் கிடைத்திருந்தால் நீங்கள் வீராணத்திலேயே ஏதாவது கடைக்குள் நுழைந்திருப்பீர்கள். வாசலில் உட்கார்ந்து அர்ஜுனன் பெயரைச் சொல்வதை விட அவருக்கும் இது நிம்மதியாக இருக்கும். ஆனால் வாசலிலிருந்து வீட்டுக்குள் வந்துவிடச் சொல்லுங்கள்.

பார்த்ததை எழுதி வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம், அதே இடத்தில் நின்று, அதே அளவில், நேரத்தோடு. குளிர்காற்று எத்தனை மணிக்கு வந்தது, எந்தத் திசையிலிருந்து, முதல் துளி எப்போது. வீட்டு மாடியில் ஒரு மழைமானியும் வைத்துக்கொள்ளலாம். நேர்ச்சுவருள்ள பாத்திரமும் ஒரு ஸ்கேலும் இருந்தால் மில்லிமீட்டர் கணக்கு வந்துவிடும். காலை 8.30-க்கு அளந்தால் வானிலை மையத்தின் சேலம், ஏற்காடு அளவுகளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மலையில் கொட்டிய நாளில் அம்மாப்பேட்டையில் எவ்வளவு என்பதை ஒரு கோடைகாலம் முழுக்க எழுதினால், உங்களுக்கு மேகத்தைப் பற்றித் தெரியும் விஷயம் எந்த வீடியோவிலும் கிடைக்காது.

கடிதத்தின் ஓரத்தில் செல்போனையும் குடையையும் பற்றிப் பென்சிலால் கேட்டிருந்ததற்கும் பதில்: செல்போன் மின்னலை இழுக்காது. சார்ஜரில் மாட்டிய போன்தான் ஆபத்து, கம்பி வழியாக மின்சாரம் வந்துவிடும். வெட்டவெளியில் குடையை விரித்துத் தலைக்கு மேலே பிடிக்காதீர்கள், அது உங்கள் உயரத்தைக் கூட்டும். ரெயின்கோட் போட்டுக்கொள்ளுங்கள்.